ஒரே வியாதி, இரு பிள்ளைகள்



இந்தச் செய்தி மடலில் வழக்கமாக ஒரு தியானக் கட்டுரை எழுதுவது என் பங்கு. இம்முறை ஒரு மருத்துவ விஷயத்தை எழுதுகிறேன். பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். எனக்குத் தெரிந்த தியானங்களில் அதற்குப் பதில் இல்லாமற் போயிற்று. பதில் தேடி நம் மருத்துவரிடம் பலநாள் மாலை நேரங்களில் உட்கார்ந்து பாடம் கேட்டேன். அந்தப் பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்கள் ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்கப்படுகிற பிள்ளைகளைக் குறித்தது இது. ஆகையால் நீங்களும் அறிந்திருக்கவேண்டும்.

சிறுவனின் கேள்வி

திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றிலிருந்து வரும் குடும்பம். பிள்ளைகள் இருவர்: பதினேழு வயது அக்கா, பதினொரு வயது தம்பி. இருவருக்கும் தலசீமியா என்னும் இரத்தக் குறைபாடு பிறவியிலேயே உண்டு. தம்பிக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றியாகவேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போனால் முகம் வெளுத்து, மாடிப்படி ஏற மூச்சு வாங்கும். அக்காவுக்கோ கண்ணில் லேசான மஞ்சளும், மண்ணீரல் சிறிது வீங்கியிருப்பதும் தவிர வேறு தொல்லை இல்லை. பள்ளிக்கூடம் போகிறாள், தண்ணீர்க் குடம் சுமக்கிறாள். அவளுக்கு இதுவரை இரண்டே முறைதான் இரத்தம் ஏற்றியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மருத்துவமனையின் ஸ்தோத்திர ஆராதனையில் நான் ஒரு சாட்சி சொன்னேன். ஒரு தாயின் ஜெபத்தையும் ஒரு மகளின் விசுவாசத்தையும் கண்டு கர்த்தர் இந்த வியாதியை அடக்கி வைத்திருக்கிறார் என்று, அந்தப் பெண்ணை மனதில் வைத்து, பெயர் சொல்லாமல் பேசினேன். சபையார் "ஆமென்" என்றார்கள். பின்வரிசையில் அந்தத் தம்பியும் இருந்தான் என்பதை நான் கவனிக்கவில்லை.

அடுத்தமுறை இரத்தம் ஏற்ற வந்தபோது, கையில் ஊசி குத்தியிருக்க, கட்டிலில் படுத்தபடியே கேட்டான்: "ஐயா, அக்காவுக்கு இருக்கிற விசுவாசம் எனக்கு இல்லையாய்யா?"

பக்கத்தில் இருந்த அவனுடைய ஆச்சி, "அவ மூணு வேளையும் ஜெபிப்பா, இவன்தான் விளையாட்டுப் பிள்ளை" என்றார். தாய் ஒன்றும் சொல்லாமல் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தத் தாயைக் குறித்து ஊரார் ஏற்கெனவே பேசியிருந்த பேச்சுகள் எனக்குத் தெரியும். நான் சாட்சி என்று நினைத்துச் சொன்னது அந்த வீட்டில் ஒரு தீர்ப்பாகப் போய்விட்டது என்று அன்றுதான் உணர்ந்தேன்.

இரத்தத்தில் நடப்பது என்ன?

நம் இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது ஹீமோகுளோபின் என்னும் புரதம். நாம் சுவாசிக்கிற பிராணவாயுவை உடல் முழுவதும் சுமந்து செல்வது அதுவே. பெரியவர்களின் ஹீமோகுளோபின் நான்கு சங்கிலிகள் சேர்ந்தது: ஆல்பா என்பவை இரண்டு, பீட்டா என்பவை இரண்டு. இவை சோடி சோடியாகச் சேரவேண்டும்.

பீட்டா தலசீமியாவில் பீட்டா சங்கிலி போதுமான அளவு உண்டாவதில்லை. ஆல்பா மட்டும் வழக்கம்போல உண்டாகிக்கொண்டே இருக்கும். சோடி கிடைக்காத ஆல்பாச் சங்கிலிகள் கட்டி கட்டியாகத் தேங்கி, இரத்த அணுவை எலும்பு மச்சைக்குள்ளேயே அழித்துவிடுகின்றன. ஆகவே இவ்வியாதியில் இரண்டு கேடுகள் உண்டு. பீட்டா குறைவது ஒன்று, துணையற்ற ஆல்பா மிஞ்சுவது மற்றொன்று. இந்த இரண்டாவது கேட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அக்கா தப்பித்த வழி அங்கேதான் இருக்கிறது.

இவ்வியாதி வருவதற்குத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வரவேண்டும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பிள்ளைக்கு வியாதி இராது. அது பழுதைச் சுமப்பவராக மட்டும் இருக்கும். நம் நாட்டில் சராசரியாக நூற்றுக்கு மூன்று நான்கு பேர் அப்படிச் சுமப்பவர்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. சுமக்கிற இருவர் மணந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு வியாதி வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இந்தக் குடும்பத்தில் தாயும் தகப்பனும் அத்தை மகன், மாமன் மகள் முறை. ஒரே தாத்தாவிடமிருந்து வந்த ஒரே பழுது இருவரிடமும் இருந்தது.

வெளியூரில் செய்த பரிசோதனையின் அறிக்கையை நம் மருத்துவர் எனக்குக் காட்டினார். அக்காவுக்கும் தம்பிக்கும் பீட்டா மரபணுவில் இருப்பது ஒரே பழுது, அணுவளவும் வித்தியாசமில்லை. பழுது ஒன்றே என்றால் பாடு ஏன் ஒன்றாக இல்லை? சிறுவனின் கேள்வியை மருத்துவம் இப்படித்தான் கேட்கிறது.

சிறிய எழுத்துக் குறிப்புகள்

மரபணு என்பது டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் எழுதப்பட்ட ஒரு செய்தி. அதன் அரிச்சுவடியில் நான்கே எழுத்துக்கள். நம் ஒவ்வொரு உயிரணுவிலும் ஒரு தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துக்கள் உண்டு. தாயிடமிருந்து ஒரு தொகுதி, தகப்பனிடமிருந்து ஒரு தொகுதி. மனித மரபணுத் திட்டம் 1990-இல் தொடங்கி 2003-இல் முடிந்தபின், புரதங்களைச் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000 என்று தெரியவந்தது. அவற்றின் நேரடியான செய்தி மொத்த எழுத்துக்களில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை.

மற்றவை எதற்கு? ஒரு காலத்தில் பலர் அவற்றை வீண் என்றே எண்ணினார்கள். உண்மையில் அவற்றுள் ஒரு பகுதி, மரபணுக்களுக்கு உத்தரவு கொடுக்கிற பகுதி.

நம் சபைகளின் ஜெப புத்தகத்தை எண்ணிப்பாருங்கள். அதிலே பெரிய எழுத்தில் ஜெபங்கள் இருக்கும். இடையிடையே சிறிய எழுத்தில் குறிப்புகள் இருக்கும்: எங்கே நிற்பது, எங்கே முழங்கால்படியிடுவது, எதைக் குருவானவர் மட்டும் சொல்வது, எதை எத்தனை முறை சொல்வது, எதைப் பண்டிகை நாளில் மட்டும் சொல்வது. அந்தக் குறிப்புகளை யாரும் உரக்க வாசிப்பதில்லை. ஆயினும் ஆராதனை நடப்பது அவற்றின்படியே. ஒரு குறிப்பில் "மூன்று முறை" என்பது "ஒரு முறை" என்று அச்சாகிவிட்டால், ஜெபத்தில் ஒரு எழுத்தும் மாறியிராது. ஆனால் ஜெபம் ஒருமுறைதான் சொல்லப்படும்.

டி.என்.ஏ.விலும் அப்படியே. எந்த மரபணு எந்த உறுப்பில், எந்த வயதில், எவ்வளவு வேலை செய்யவேண்டும் என்பதற்குச் சிறிய எழுத்துக் குறிப்புகள் உண்டு. கண்ணில் உள்ள அணுவிலும் கல்லீரலில் உள்ள அணுவிலும் ஒரே புத்தகந்தான். இது கண்ணாகவும் அது கல்லீரலாகவும் இருப்பது இந்தக் குறிப்புகளாலும், அவற்றை வாசித்து மரபணுவைத் திறக்கவும் மூடவும் செய்கிற சில புரதங்களாலும்தான்.

மனிதருக்கு மனிதர் இந்த எழுத்துக்கள் ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் மாறுபடும். மாறுபாடு குறிப்புள்ள இடத்தில் விழுந்தால் புரதம் மாறாது. அது உண்டாகும் அளவு மாறும். இது அரிதான காரியமல்ல. அமெரிக்காவில் 2010-இல் தொடங்கிய ஓர் ஆய்வில், மரித்தவர்களின் குடும்பத்தார் சம்மதித்துத் தானமளித்த திசுக்களைப் பரிசோதித்தார்கள். 838 பேரின் 49 வகைத் திசுக்களை ஆராய்ந்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய எல்லா மரபணுக்களுக்கும் அருகிலேயே, அதன் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிற எழுத்து மாறுபாடு ஏதாவது மனிதரிடையே உண்டு என்று அதில் தெரிந்தது. சர்க்கரை வியாதி, இருதய வியாதி போன்றவற்றோடு தொடர்புள்ளதாகக் காணப்பட்ட மாறுபாடுகளில் பத்தில் ஒன்பது பங்கு, புரதச் செய்திக்கு வெளியே இருப்பவையே.

கருவில் ஓர் இரத்தம், பிறந்தபின் ஓர் இரத்தம்

இனி அக்காவிடமும் தம்பியிடமும் திரும்புவோம்.

தாயின் கர்ப்பத்தில் இருக்கும்போது நமக்கு ஓடுவது இப்போதுள்ள ஹீமோகுளோபின் அல்ல. அப்போது பீட்டாவுக்குப் பதிலாகக் காமா என்னும் சங்கிலி ஆல்பாவோடு சேருகிறது. இதற்குச் சிசு ஹீமோகுளோபின் என்று பெயர். தாயின் இரத்தத்திலிருந்து பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும் வல்லமை இதற்கு அதிகம். குழந்தை பிறந்து சில மாதங்களில் காமா மரபணு மூடப்பட்டு, பீட்டா மரபணு முழுவதும் திறக்கும். பெரியவர்களிடம் சிசு ஹீமோகுளோபின் நூற்றுக்கு ஒரு பங்குகூடப் பெரும்பாலும் இராது. தலசீமியா பிறந்தவுடன் தெரியாமல், ஆறு மாதத்துக்குப்பின் குழந்தை வெளுக்கத் தொடங்குவது இதனால்தான். அதுவரை காமா காப்பாற்றிவந்தது.

மூடப்பட்டாலும் காமா மரபணு அழிந்துபோவதில்லை. நம் ஒவ்வொருவரிடமும் அது பழுதில்லாமல் இருக்கிறது. சிலரிடம் அது சரியாக மூடப்படாமல் கொஞ்சம் திறந்தே இருக்கும். நல்ல இரத்தம் உள்ளவருக்கு அதனால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. தலசீமியா உள்ளவருக்கோ அது பெரிய உதவி: துணையில்லாத ஆல்பாவுக்குக் காமா துணையாகிறது, இரத்த அணு பிழைக்கிறது.

அக்காவிடம் நடப்பது இதுவே. பீட்டாவின் பழுது தம்பியைப் போலவே அவளுக்கும் இருக்கிறது. ஆனால் கர்ப்பத்தில் திறந்திருந்த மடை அவளிடம் முழுவதும் அடைபடவில்லை.

நீலகிரியில் கண்டது

இந்த உண்மை படிப்படியாகத் தெரியவந்த வரலாற்றில் நம் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. பீட்டாச் சங்கிலியைப் பற்றிய மற்றொரு வியாதி அரிவாள் அணு இரத்தசோகை. அதில் சங்கிலி குறைவதில்லை. ஓர் எழுத்துப் பிழையால் அது கெட்டு, சிவப்பணு அரிவாள்போல் வளைந்து இரத்தக் குழாயை அடைத்து, தாங்கமுடியாத வலியை உண்டாக்கும். 1910-இல் சிகாகோவில் ஹெரிக் என்னும் மருத்துவர் இதை முதலில் விவரித்தார். நெடுங்காலம் இது ஆப்பிரிக்க வம்சத்தாரின் வியாதி என்றே கருதப்பட்டது. 1952-இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்னும் இருவர் நம் நீலகிரி மலைகளின் ஆதிவாசிகளிடம் இது இருப்பதைக் கண்டு வெளியிட்டார்கள்.

அதற்கு முன்பே, 1948-இல், நியூயார்க்கில் ஜேனட் வாட்சன் என்னும் குழந்தை மருத்துவர் ஒன்றைக் கவனித்திருந்தார். இந்த வியாதியோடு பிறக்கும் குழந்தைகளின் அணுக்கள் முதல் சில மாதங்களில் அதிகம் வளைவதில்லை. சிசு ஹீமோகுளோபின் காப்பதே காரணமாக இருக்கவேண்டும் என்றார். பின்னாளில் கிழக்குச் சவுதி அரேபியாவிலும் இந்தியாவிலும் உள்ள நோயாளிகளில் பலருக்கு வளர்ந்த பிறகும் சிசு ஹீமோகுளோபின் அதிகமாக இருப்பதும், வியாதி சற்று லேசாக இருப்பதும் தெரியவந்தது. அவர்களிடம் காமா மரபணு தொடங்கும் இடத்துக்கு 158 எழுத்துக்கள் முன்னால் ஓர் எழுத்து மாறியிருந்தது. அங்கே புரதச் செய்தி ஏதும் இல்லை. அது குறிப்பு எழுதப்பட்ட இடம்.

இதைக்கொண்டு இந்தியருக்கு இவ்வியாதி எப்போதும் லேசானது என்று எண்ணிவிடக்கூடாது. மத்திய இந்தியாவில் கடும்பாடு படுகிறவர்கள் பலர் உண்டு. ஓர் எழுத்து உதவி செய்யும். அது மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை.

மூன்று இடங்கள்

சிசு ஹீமோகுளோபினின் அளவை மாற்றும் எழுத்து மாறுபாடுகள் முக்கியமாக மூன்று இடங்களில் உள்ளன. முதலாவது, மேலே சொன்ன, காமா மரபணுவின் வாசலிலேயே 11-ஆம் குரோமோசோமில் உள்ள இடம். இரண்டாவது 6-ஆம் குரோமோசோமில். மூன்றாவது 2-ஆம் குரோமோசோமில், பி.சி.எல். 11 ஏ என்னும் மரபணுவுக்குள்.

இந்த மூன்றாவதே மிக ஆச்சரியமானது. 2007, 2008-ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவில் இரட்டைப் பிள்ளைகளிடமும் சார்டினியாத் தீவு மக்களிடமும் செய்த ஆய்வுகள் இந்த இடத்தைச் சுட்டிக்காட்டின. 2008-இல் பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்க்கினும் விஜய் சங்கரனும் உடன் ஊழியரும் அதன் வேலையைக் கண்டறிந்தார்கள். பி.சி.எல். 11 ஏ உண்டாக்கும் புரதமே காமா மரபணுவை மூடும் காவலாளி. 2013-இல் இன்னொன்றும் தெரிந்தது: அந்தக் காவலாளிக்கே ஒரு சிறிய எழுத்துக் குறிப்பு உண்டு. சிவப்பணுவாக வளரும் அணுக்களில் மட்டும் அவனை அதிகமாக உண்டாக்கவேண்டும் என்பது அந்தக் குறிப்பு. சிலருக்கு அதில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அவர்களிடம் காவலாளி குறைவு. மடை சற்றுத் திறந்திருக்கிறது.

உடன்பிறந்த இருவருக்குள் வித்தியாசம் வருவது எப்படி என்பதும் இதனால் விளங்குகிறது. பீட்டா மரபணுவும் காமா மரபணுவும் 11-ஆம் குரோமோசோமில் அடுத்தடுத்து இருப்பவை. ஆகவே ஒரே பீட்டாப் பழுதைப் பெற்ற பிள்ளைகள் காமாவின் வாசலில் உள்ள எழுத்தையும் பெரும்பாலும் ஒன்றாகவே பெறுவார்கள். 2-ஆம், 6-ஆம் குரோமோசோம்களோ தனித்தனியே பங்கிடப்படுகின்றன. இந்தத் தாயிடமும் தகப்பனிடமும் 2-ஆம் குரோமோசோமில் உதவும் எழுத்து ஒன்றும், சாதாரண எழுத்து ஒன்றும் இருந்தன. மகளுக்கு இருவரிடமிருந்தும் உதவும் எழுத்தே வந்தது. மகனுக்கு இருவரிடமிருந்தும் சாதாரண எழுத்தே வந்தது. அறிக்கையில் அப்படித்தான் இருந்தது. இந்தப் பங்கீடு அவர்கள் ஜெபிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னே, கருவானபோதே முடிந்துவிட்டது.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. தாய் கொடுத்தது எவ்வளவோ தகப்பன் கொடுத்ததும் அவ்வளவே. பிள்ளையின் வியாதிக்குத் தாயை மட்டும் குற்றம் சொல்லும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதற்கு வேதத்திலும் ஆதாரமில்லை, மருத்துவத்திலும் ஆதாரமில்லை.

கண்டதிலிருந்து சிகிச்சைக்கு

இயற்கையில் சிலரைக் காக்கும் இந்த எழுத்து மாற்றத்தைக் கண்ட பின், மருத்துவர்கள் அதையே சிகிச்சையாக்க முயன்றார்கள். நோயாளியின் எலும்பு மச்சையில் உருவாகும் ஸ்டெம்செல்களை வெளியே எடுத்து, காவலாளிக்கான அந்தக் குறிப்பை மட்டும் துல்லியமாக வெட்டிக் கெடுத்து, திரும்ப உடலுக்குள் செலுத்துவது அந்த முறை. பீட்டாவின் பழுதை அவர்கள் தொடுவதில்லை. கர்ப்பகாலத்து மடையையே மறுபடி திறக்கிறார்கள். 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவும் அரிவாள் அணு வியாதிக்கு இதை அனுமதித்தன. அடிக்கடி இரத்தம் ஏற்றவேண்டிய தலசீமியாவுக்குப் பிரிட்டனில் அப்போதே அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் 2024 ஜனவரியில் கிடைத்தது. பலர் இரத்தம் ஏற்றாமலே வாழ்கிறார்கள்.

விலை? அமெரிக்காவில் ஒரு நோயாளிக்கு 22 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 18 கோடி ரூபாய். அதற்குமுன் பழைய மச்சையை அழிக்கக் கடுமையான மருந்தும் கொடுக்கவேண்டும். இது நம் கிராமத்துப் பிள்ளைக்கு எட்டும் காரியமல்ல. ஆயினும், 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய வேலூர் ஊழியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே 1986 முதல் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை நடந்துவருகிறது. பொருத்தமான உடன்பிறந்தவர் இருந்தால் தலசீமியாவை அதனால் குணப்படுத்த முடிகிறது. அதே ஊரில் உள்ள ஸ்டெம்செல் ஆராய்ச்சி மையத்தில், காமா மரபணுவைத் திறக்கும் முறைகளை நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களே உருவாக்க உழைத்துவருகிறார்கள்.

அதுவரை நம்மிடம் இருப்பவை எளிய உதவிகள். ஹைட்ராக்சியூரியா என்னும் மாத்திரை சிலருக்குச் சிசு ஹீமோகுளோபினைக் கூட்டும். அரிவாள் அணு வியாதியில் அது மிகவும் பயன்படுகிறது. தலசீமியாவில் சிலருக்கே உதவும். மற்றவர்களுக்குப் பத்திரமான இரத்தமும், இரும்பை வெளியேற்றும் மருந்தும் வேண்டும். ஒரு பை இரத்தத்தில் சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உண்டு. அதை வெளியேற்ற உடலுக்கு வழியில்லை. மருந்து தவறினால் அந்த இரும்பு இருதயத்திலும் கல்லீரலிலும் படிந்து, காப்பாற்ற ஏற்றிய இரத்தமே கேடாக முடியும்.

சபைகள் செய்யக்கூடியது

முதலாவது, திருமண ஓலை வாசிப்பதற்கு முன்பே மணமக்கள் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும்படி சேகரத்துக் குருவானவர்கள் அன்போடு ஆலோசனை சொல்லலாம். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் முடிக்கும் சம்பந்தங்களில் இது மிகவும் அவசியம். இருவரும் சுமப்பவர்கள் என்று தெரிந்தால் மருத்துவர் அவர்களுக்கு வழி சொல்லுவார். சுமப்பவர் என்பது வியாதிக்காரர் என்று அர்த்தமல்ல. அதை வைத்து ஒருவரை, விசேஷமாக ஒரு பெண்ணை, ஒதுக்குவது பாவம்.

இரண்டாவது, வாலிபர் ஐக்கிய சங்கத்தார் இரத்ததானம் செய்யலாம். குற்றாலத்தில் சாரல் தொடங்கி எல்லாரும் அருவிக்குப் போகிற மாதங்களிலும் இந்தப் பிள்ளைகளுக்கு மூன்று வாரக் கணக்கு மாறுவதில்லை. விடுமுறைக் காலங்களில் இரத்தம் கிடைப்பது அரிதாகிறது. அப்போது கொடுப்பவர்களே எங்களுக்கு அதிகம் தேவை.

மூன்றாவது, இரும்பை வெளியேற்றும் மருந்துக்கும், இரத்தத்தை வடிகட்டி ஏற்றும் கருவிக்கும் உங்கள் காணிக்கை மாதந்தோறும் பயன்படுகிறது. அதைத் தொடர்ந்து நினைத்துக்கொள்ளுங்கள்.

சிறுவனுக்குச் சொன்ன பதில்

பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவனைக் கண்டு, இது யார் செய்த பாவம், இவனுடையதா, பெற்றோருடையதா என்று சீஷர்கள் கேட்டதை யோவான் சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். அந்தப் பகுதியை வைத்து நாற்பது ஆண்டுகளாகப் பிரசங்கித்து வந்தவன் நான். ஆயினும் வியாதி லேசாயிருந்த ஒரு பிள்ளையைக் கண்டதும், இது யாருடைய விசுவாசம் என்று அதே கேள்வியைத் திருப்பிப் போட்டுவிட்டேன். துன்பத்துக்குக் காரணம் பாவம் என்று சொல்லமாட்டேன் என்றிருந்தவன், சுகத்துக்குக் காரணம் விசுவாசம் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். இரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்பதை ஒரு சிறுவன் எனக்குக் காட்டினான்.

ஜெபம் வீண் என்று நான் சொல்லவில்லை. இந்தப் பிள்ளைகளுக்காக ஜெபிக்கிறேன், நீங்களும் ஜெபியுங்கள். ஆனால் கட்டிலில் கிடப்பவனின் விசுவாசத்தை அவனுடைய ஹீமோகுளோபினை வைத்து அளக்க நமக்கு உரிமையில்லை.

அடுத்தமுறை அவன் வந்தபோது ஜெப புத்தகத்தை எடுத்துப்போய், சிறிய எழுத்துக் குறிப்புகளைக் காட்டி, இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். அக்காவுக்கும் உனக்கும் ஒரே பழுதுதான், அவளுக்கு ஒரு குறிப்பு வேறாக அச்சாகியிருக்கிறது, நீ ஒன்றும் தப்பு செய்யவில்லை, நான்தான் சபையில் தப்பாகப் பேசிவிட்டேன் என்றேன். அவன் புத்தகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்போ அக்காட்டயும் சொல்லுங்கய்யா. அவ என் முன்னால சாப்பிடக்கூட யோசிக்கா" என்றான்.

எனக்குத் தெரியாத காரியம் அது. தான் நன்றாயிருப்பதே தம்பிக்குச் செய்த துரோகம் என்பதுபோல் அந்தப் பெண் இத்தனை காலம் மனதுக்குள் சுமந்திருக்கிறாள். அவளிடமும் பேசினேன். கடந்த ஸ்தோத்திர ஆராதனையில், முன்பு நான் சொன்ன சாட்சி தவறு என்று சபைக்கு முன்பாகவே அறிக்கையிட்டேன். அந்தத் தாய் அன்று முதன்முறையாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

தம்பிக்கு இன்னமும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் வேண்டும். அடுத்த முறைக்கான இரத்தத்தைக் கொடுக்கப் போகிறவர் உங்கள் சபை வாலிபர்களில் ஒருவராக இருக்கட்டும். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனைப் போதகர்